சைலன்சரில் சுற்றிய கொள்ளுக்கொடி

காய்ந்த கொள்ளுச் செடி மேல் கார் ஏறிப் போனால், காருக்கு அடியில் மசாஜ் செய்தது மாதிரி என்று பல வருஷம் நம்பியவன் நான். நம்பியதோடு நிற்கவில்லை. ஸ்டாண்டில் புதிதாகச் சேர்ந்த டிரைவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். செடி உரச உரச அடியில் ஒட்டிய மண்ணெல்லாம் தானாக உதிர்ந்துவிடும், வாட்டர் சர்வீஸ் செலவு மிச்சம் என்பது என் கண்டுபிடிப்பு. ஒருத்தரும் எதிர்த்துக் கேட்கவில்லை. நான் சொன்னது சரி என்பதால் அல்ல. என்னைப் போலவே அவர்களும் காருக்குக் கீழே குனிந்து பார்த்ததே இல்லை.

உத்திரமேரூர்ப் பக்கம் தை, மாசியில் வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டில் பாதி நமக்கு, பாதி அறுவடைக்கு. கொள்ளைப் பிடுங்கி, வேரோடு கொடியோடு தார் ரோட்டில் பரப்பிவிட்டு, கரையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். போகிற பஸ், லாரி, கார் எல்லாம் சம்பளமில்லாத மாடுகள். சாயங்காலம் வந்து உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிக்கொண்டால் வேலை முடிந்தது. ஓரமாக ஒதுங்கிப் போகிற டிரைவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஏதோ அவர்கள் வீட்டுச் சோற்றைத் தட்டிவிட்டுப் போகிறவன் மாதிரி.

மேலே மட்டும் மாப்பிள்ளை

என்னுடையது ஏழு பேர் போகிற வாடகை வண்டி. அதை நான் பராமரித்த அழகைச் சொல்ல வேண்டும். காலையில் கண்ணாடி துடைப்பது, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போடுவது, டேஷ்போர்டில் சென்ட் பாட்டில், முன்னால் எலுமிச்சம்பழம் மிளகாய். காற்று பார்ப்பது, டயர் ஒரு பக்கமாகச் சப்பையாகத் தெரிந்தால் மட்டும். ஆயில் மாற்றுவது, மெக்கானிக் திட்டினால் மட்டும்.

சீட் கவர் விஷயத்தில்தான் என் ரசனை உச்சம். மெரூன் கலர் ரெக்சின், சட்டை தைப்பது போல் அளவெடுத்துத் தைத்தது. தைத்தவர் கேட்டார், நடு சீட்டை மடக்குகிற லீவர் உள்ளே போகிறதே, அந்த இடத்தில் வெட்டி விடட்டுமா என்று. வெட்டினால் அசிங்கமாகத் தெரியும், மூடிவிடுங்கள் என்றேன். கடைசி வரிசையில் உட்காருகிறவர் வெளியே வர அந்த லீவர் ஒன்றுதான் வழி. ஏறும்போதும் இறங்கும்போதும் நானே கவருக்குள் கையை விட்டு, பூனைக்குட்டியைத் தேடுவது போலத் தேடி இழுத்துவிடுவேன். எனக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று அதில் ஒரு பெருமை வேறு.

அடுத்தது தீயணைப்பு சிலிண்டர். வாடகை வண்டிக்கு எஃப்.சி. எடுக்கும்போது, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று சான்று வாங்கப் போகும்போது, அது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் ஸ்டாண்டு மொத்தத்துக்கும் இருந்தது ஒரே ஒரு சிலிண்டர். யாருக்கு எஃப்.சி. வருகிறதோ அவர் வண்டியில் அது ஏறும், வேலை முடிந்ததும் அடுத்த வண்டிக்குப் போய்விடும். கல்யாண வீட்டு ஜமுக்காளம் மாதிரி சுற்றிவந்தது. என் வண்டியில் அதை மாட்டுகிற கொக்கி மட்டும் நிரந்தரமாக இருந்தது. அந்தக் கொக்கியில் நான் துடைக்கிற துணியைத் தொங்கவிட்டிருந்தேன்.

நடேசன் குடும்பம்

மானாம்பதி நடேசனுக்குக் கொஞ்சம் நிலம், நிறைய குரல். குடும்பத்தோடு திருமுக்கூடல் கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, ஆற்றங்கரையில் கட்டுச்சோறு சாப்பிட்டு வரலாம் என்று வண்டி பேசினார். முன் சீட்டில் அவர். நடு வரிசையில் அவர் மனைவி ராணியம்மாவும் மகன் குமரனும், அவர்களுக்கு இடையே ஒரு தூக்குப் பாத்திரமும். கடைசி வரிசையில் மருமகள் செல்வி, மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. பெரும்பாலான குடும்பங்களில் மருமகளுக்குத்தான் அந்த இடம். வாந்தி வந்தாலும் அங்கே, குழந்தை அழுதாலும் அங்கே. செல்விக்குப் பின்னால் டிக்கியில் புளிசாதக் குண்டான், தண்ணீர்க் கேன், பாய், இன்னும் என்னென்னவோ கூரை வரைக்கும்.

ஊர் எல்லை தாண்டியதும் நடேசன் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். ரோட்டில் நீளமாகக் கொள்ளு பரப்பியிருந்தது.

"சேகரு, இது நம்ம கொள்ளுதான். காலைலேர்ந்து நாலு வண்டி கூட போவல. மெதுவா முன்ன பின்ன ஓட்டு."

நேரமாகிறதே என்று குமரன் இழுத்தான்.

"வாடகை குடுத்து எடுத்துக்கீறேன்டா. சும்மா கோயிலுக்கு மட்டுமா ஓட்றது?"

வேறு யாராவது டிரைவராக இருந்தால் முகம் சுளித்திருப்பார். எனக்குத்தான் மசாஜ் தத்துவம் இருக்கிறதே. உற்சாகமாக முன்னால் போனேன், ரிவர்ஸ் வந்தேன், மறுபடி போனேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இடது பக்கம் மசியவில்லை, வலது பக்கம் கொஞ்சம் என்று நடேசன் மேற்பார்வை செய்தார். வண்டிக்கு அடியில் சரசரவென்று சத்தம் வந்தது. அடிப்பாகம் சுத்தமாகிறது என்று ராணியம்மாவிடம் விளக்கம் கொடுத்தேன். ரிவர்ஸ் வரும்போது கொடி எல்லாம் சுழல்கிற ஷாஃப்டில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சர் பைப்பின் மேல் அழுந்திக்கொண்டிருந்தது என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், அவருக்கும் ஒரு வகுப்பு எடுத்திருப்பேன்.

கமகம வாசனை

அங்கிருந்து கிளம்பி உத்திரமேரூரைத் தாண்டினோம். வயல்வெளி வந்ததும் ஒரு வாசனை அடித்தது. நல்ல வாசனை. கொள்ளு வறுக்கிற வாசனை.

"யாரோ வூட்ல ரசத்துக்கு வறுக்கிறாங்கோ" என்றேன்.

நடேசனும் மூக்கை உறிஞ்சி, பதமாக வறுபடுகிறது என்று சான்று கொடுத்தார். சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. ஓடுகிற வண்டியோடு சேர்ந்து ஒரு சமையலறை எப்படி ஓடிவரும் என்றும் யோசிக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து செல்விதான், கால்கிட்ட சுடுதுங்க என்று இரண்டு தடவை சொன்னாள். ஏ.சி.யைக் கூட்டினேன். பக்கக் கண்ணாடியில் பின்னால் வெள்ளையாகத் தெரிந்தது. புழுதி என்று முடிவு செய்தேன். தார் ரோட்டில் புழுதி.

பக்கத்தில் பைக்கில் வந்தவர் கையை ஆட்டிக்கொண்டே கத்தினார்.

"அண்ணே, வண்டி அடில எரியுது!"

அதற்குப் பிறகு நான் செய்ததில் இரண்டு காரியம் சரி. ஓரமாக நிறுத்தினேன், இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்தேன். மூன்றாவதாக நான் செய்யவேண்டியது பயணிகளை இறக்குவது. நான் என்னை இறக்கிக்கொண்டேன். கார் தீப்பிடித்தால் சில நொடியில் குண்டு மாதிரி வெடிக்கும் என்று டி.வி. எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. சாவியும் கையுமாக ரோட்டைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, வயல் வரப்பில் போய் நின்றேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு அந்த வாய்க்காலை எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அங்கே நின்றுகொண்டு, வெடிக்கப் போகிறது, எல்லோரும் ஓடுங்கள் என்று கத்தினேன்.

ஓடுவதற்கு அவர்கள் முதலில் இறங்க வேண்டும் இல்லையா? நடுக் கதவு இரண்டிலும் சைல்டு லாக் போட்டிருந்தேன். குழந்தைகள் ஏறும் வண்டியில் அது போடவேண்டியதுதான். ஆனால் உள்ளேயிருந்து திறக்காது, வெளியேயிருந்துதான் திறக்க வேண்டும் என்பதை ஏறும்போதே சொல்லிவைக்க வேண்டும். நான் சொன்னது சென்ட் எந்தக் கடையில் வாங்கினேன் என்பதை. முன்னால் இறங்கிய நடேசன்தான் தடவித் தடவிக் கதவைத் திறந்தார். ராணியம்மா இறங்கினார், குமரன் இறங்கினான். இறங்கியதும் ராணியம்மா என்னைப் பார்த்தார்.

"இன்னாய்யா டிரைவரு, புள்ள உள்ள கீது, நீ அங்க இன்னா பண்ணிக்கினுகீற?"

குமரன் நடு சீட்டைப் பிடித்து உலுக்கினான். லீவர் எங்கே என்று கேட்டான். கவருக்கு உள்ளே, இடது பக்கம், கீழே என்று வரப்பிலிருந்து கையால் வழி சொன்னேன். தையல் அவ்வளவு கச்சிதம், அவனுடைய விரல் உள்ளே போகவில்லை. உள்ளே புகை ஏற ஆரம்பித்தது. குழந்தை இருமியது. பின்பக்கமாக இறக்கலாம் என்று நடேசன் டிக்கியைத் திறக்கச் சாவி கேட்டார். கிட்டே போகப் பயம். தூக்கி எறிந்தேன். சாவி வாய்க்காலைக்கூடத் தாண்டவில்லை. என் பக்கமே, நாற்று நட்ட சேற்றில் விழுந்து மறைந்தது.

செல்வியின் குரல் மட்டும் பதறாமல் கேட்டது.

"லீவர உட்டுட்டு புள்ளையப் புடிங்க மொதல்ல."

இரண்டு ஹெட்ரெஸ்டுக்கும் நடுவில் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். குமரன் வாங்கி அம்மாவிடம் தந்தான். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டின் முதுகு மேல் ஏறி, அந்தப் பக்கம் உருண்டு, கதவு வழியாக இறங்கினாள். முழங்கையில் சிராய்ப்பு. என் மெரூன் ரெக்சினில் ஒரு கீறல் இல்லை.

அதற்குள் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கரையேறி வந்திருந்தார்கள். ஒருத்தர் மூங்கில் கழியை அடியில் விட்டு எரிகிற கொடியைக் கிண்டி இழுத்தார். மற்றவர்கள் கைகொள்ளும் அளவுக்குச் சேற்றை அள்ளி அள்ளி அடித்தார்கள். ஒவ்வொரு கைச் சேற்றுக்கும் உஸ் என்று சத்தம் வந்து புகை குறைந்தது. கழி பிடித்தவர் வெளியே வந்த கொடியைப் பார்த்தார், நடேசனைப் பார்த்தார்.

"ரோட்ட களமாக்கிக்கினு, காரை மாடாக்கிக்கினு போறீங்களே, உள்ள புள்ள கீதேன்னு நெனப்பு வேணாம்?"



மெக்கானிக் காட்டியது

வண்டியை இழுத்துப் போய் லிஃப்டில் ஏற்றினார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மெக்கானிக் என்னைக் காருக்குக் கீழே நிற்க வைத்தார். ஷாஃப்டைச் சுற்றித் தலையணை அளவுக்குக் கொள்ளுக்கொடி, பாதி கரி. அதன் ரப்பர் உறை உருகி ஒழுகியிருந்தது. பின் பிரேக்குக்குப் போகிற ரப்பர் குழாய் கருகி வெடித்திருந்தது. மசாஜ் எப்படி என்று கேட்டார். ஸ்டாண்டுக்காரர்கள் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கார் வாங்கி, அதற்குப் பூசணிக்காய் சுற்றி, மெத்தை மாதிரி கவர் போட்டு வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னைவிட நீங்கள் மேல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் லீவரும் கவருக்குள்தான் இருக்கிறது. இன்றைக்கே போய் அந்த இடத்தில் துணியை வெட்டுங்கள், அசிங்கமாகவே இருக்கட்டும். கடைசி வரிசையில் நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து, யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்து பாருங்கள். வைக்கோல், செடி பரப்பிய ரோட்டில் ஓரமாகப் போங்கள். வேறு வழியில்லாமல் ஏறிவிட்டால், தாண்டியதும் நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். சுற்றியிருந்தால் சூடு ஆறிய பிறகு எடுங்கள். வண்டிக்குள் எந்தப் புது வாசனை வந்தாலும், அது எவ்வளவு ருசியான வாசனையாக இருந்தாலும், நிறுத்துங்கள். எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள், நீங்கள் கடைசியாகப் போங்கள். சிலிண்டர் சீட்டுக்கு அருகில் இருக்கட்டும், அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். டேஷ்போர்டைத் துடைக்கிற நேரத்தில் பாதி போதும் இதற்கெல்லாம்.

ஸ்டாண்டில் இந்தக் கதையை நான் வேறு மாதிரி சொல்லிவந்தேன். அதில் கதவைத் திறந்தவன் நான், சேறு அள்ளியவன் நான். நடந்தது இதுதான். குழந்தையை வெளியே அனுப்பியது அதன் அம்மா. தீயை அணைத்தது நாற்று நட வந்த பெண்கள். அவர்கள் அணைத்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, வண்டியின் டிரைவர் வயலில் குனிந்து சாவி தேடிக்கொண்டிருந்தார்.