அம்பாசிடருக்கு இன்னொரு என்ஜின்

செங்கல்பட்டு ரயிலடி டாக்ஸி ஸ்டாண்டில் கங்காதரனின் அம்பாசிடரைவிட வயதான வண்டி வேறு கிடையாது. ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி. அறுபத்தாறில் பழையதாக வாங்கி, பத்து வருஷமாக மகாபலிபுரத்துக்குச் சவாரி அடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு ஆனி மாதம், ஒரு கல்யாணக் கோஷ்டியைக் கடற்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என்ஜினுக்குள் சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. ரோடு முழுக்க ஆயில்.

லாரியில் கயிறு கட்டி இழுத்துவந்து மெக்கானிக் ராஜேந்திரனின் ஷெட்டில் விட்டார். ராஜேந்திரன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பிஸ்டன் ராடு ஒடிஞ்சி என்ஜின் பிளாக்கைப் பொத்துகினு வெளிய வந்துட்ச்சி, அண்ணாத்த. இந்த என்ஜின் கதை முடிஞ்சிபோச்சி."

"இப்ப இன்னாடா பண்றது?"

"கருங்குழிகிட்ட ஒரு வண்டிய லாரி பின்னால அடிச்சிட்ச்சி. பாடி நசுங்கிப்போச்சி, என்ஜின் நல்லா கீது. வாங்கி மாட்டலாம். ஆனா முதல்ல உன் வண்டியோட அடிய பாக்கணும். உப்புக் காத்துல ஓடின வண்டி. அடி அரிச்சிருந்தா, நான் வேலைய எடுக்கவே மாட்டேன். உன் துட்டு வீணாப்பூடும். காலையில வெளிச்சத்துல பாக்கலாம்."

கங்காதரனுக்கு நம்பிக்கை இல்லை. ஸ்டாண்டில் இவருக்குப் பின்னால் வாங்கிய இரண்டு வண்டிகள் தரை பிய்ந்து காயலான் கடைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர். அரிசி ஆலை அப்பாசாமி தம்முடைய காரை ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டால் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார். நாற்பத்தைந்து வயதில் இன்னொருவரிடம் சாவி வாங்கி ஓட்ட வேண்டும் என்பதுதான் உறுத்தியது. வீட்டில் மனைவி வச்சலாவிடம், "விக்கணுமா வச்சிக்கணுமான்னு நாளைக்குத் தெரியும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

காலையில் ராஜேந்திரன் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வோர் இடமாகக் குத்தினான். எங்கேயும் பொத்துக்கொண்டு போகவில்லை. டங் டங்கென்று கெட்டி இரும்பின் சத்தம்.

"அண்ணாத்த, நீயே வந்து பாரு."

கங்காதரன் சட்டையைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் படுத்தார். பத்து வருஷத்தில் இத்தனை நேரம் அவர் வண்டியின் அடியைப் பார்த்ததில்லை. அங்கங்கே லேசாகத் துரு ஏறியிருந்தது. அவ்வளவுதான்.

"தினம் யாரு இத்த கழுவினது?" என்றான் ராஜேந்திரன்.

கழுவினது வச்சலா. வச்சலாவின் அப்பா மகாபலிபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கல்யாணம் ஆகி வந்த இடத்தில் கார் வந்ததும், கடற்கரைச் சவாரி போய்வந்த ஒவ்வொரு நாளும் கிணற்றிலிருந்து நாலு குடம் இறைத்து, குனிந்து வண்டியின் அடியில் வீசி அடிப்பாள். "உங்கப்பன் சைக்கிளுன்னு நெனச்சியா?" என்று இவர் கேலி பண்ணியிருக்கிறார். கோடையில் கிணறு வற்றும்போது சத்தமும் போட்டிருக்கிறார். அவள் திருப்பிப் பேசாமல், துணி துவைத்த தண்ணீர் வேண்டாம், சோப்பு ஆகாது என்று தனக்குக் குளிக்க வைத்திருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டு போய் ஊற்றியிருக்கிறாள். அதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கண் கரித்தது. மண் விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ஜின் எடுத்தாந்துடு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது வச்சலா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"அடி கல்லு மாதிரி கீதாம். வேற என்ஜின் மாட்டலாம்னான்."

"அப்ப விக்கலியா?"

"விக்கல." அவள் எதிரில் உட்கார்ந்தார். "வச்சு, நீ ஊத்தின தண்ணிதான் வண்டிய காப்பாத்திச்சி. நான் உன்ன எவ்ளோ பேசியிருக்கேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "பேசினா இன்னா, வண்டி நல்லா இருந்தா போதும்" என்றாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

பன்னிரண்டு நாளில் என்ஜின் ஏறியது. சேமிப்பு முழுக்கக் கரைந்தது, ஆனால் கடன் இல்லை. ரயிலடிக்குப் போவதற்கு முன் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். வச்சலா ஈரக்கையோடு வெளியே வந்தாள். அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டு நின்றார். பத்து வருஷத்தில் இந்த வண்டியில் அவள் ஏறியது ரெண்டே முறை, ரெண்டும் பிரசவத்துக்கு.

"எங்க போவணும்மா?"

"ஐயே, தெருவே பாக்குது," என்று சிரித்தவள், புடவையை மாற்றிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள். "எங்கப்பாவ பாத்துட்டு வரலாமா?"

திருக்கழுக்குன்றம் ஏற்றத்தில் என்ஜின் முனகாமல் இழுத்தது. வச்சலா ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டு, வழிநெடுக அடுத்த ஊர் என்ன, அடுத்த ஊர் என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த ஊர்கள்தான். கங்காதரன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.