மேகலா கொத்தனார்

என் மகள் மேகலா வெளிநாட்டுக்குப் போய்ச் செங்கல் சுவர் கட்டிவிட்டு வந்தாள். பல நாட்டு இளவட்டங்கள் கூடித் தங்கள் தொழில் திறமையைக் காட்டுகிற போட்டி அது. கொத்து வேலையில் இவளுக்கு ஒரு பதக்கம். நல்ல காரியம்தான். அதற்கு ஊர் அடித்த கூத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் மாலை போட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நிறுத்திப் பட்டாசு வெடித்தார்கள். பிள்ளைக்கு வாந்தி வந்துவிட்டது. அதோடு அவளை மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். பின்னால் ஆளுயர ஃபிளெக்ஸ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘உலகை வென்ற சித்தாள் மேகலா.’

சித்தாள் நான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கலவை சுமந்து உச்சந்தலை வழுக்கையானவள் நான். அவள் கரண்டி பிடித்துச் சுவர் எழுப்புகிறவள். ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்த ராசப்பனைப் பிடித்துக் கேட்டேன்.

“பொம்பளப் புள்ளைக்கு வேற என்னன்னு போடறதுங்க? கொத்தனாருன்னு போட்டா ஆம்பளைன்னு நெனச்சுக்குவாங்க” என்றான்.

அவ்வளவு கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மேகலாவோ, விடும்மா என்றாள். எதற்கெடுத்தாலும் விடும்மா என்பதுதான் அவளுடைய கெட்ட பழக்கம்.

மேடையில் அதிகம் பேசியவர் முருகானந்தம் மேஸ்திரி. நான் வேலை செய்வது அவரிடம்தான். மலைக்கே பெருமை, எனக்கும் மகள் மாதிரி என்று மூக்கை உறிஞ்சினார். போட்டிக்கு முன்னால் கை பழக ஒரு சுவர் கேட்டுப் போனபோது, பொம்பளை சாரத்தில் ஏறினால் கொத்தனார்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று இவளை விரட்டியதும் அதே வாய்தான்.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி மேகலாவைக் கூப்பிட்டிருந்தது. அவளுக்கு இங்கே மலையிலேயே சுவர் கட்ட ஆசை. மேஸ்திரி கொத்து வேலை கொடுத்தால் இருப்பாள், இல்லையென்றால் மலையை விட்டு இறங்கிவிடுவாள். எனக்கு இருப்பதோ ஒற்றைப் பிள்ளை. அவள் போய்விடுவாளோ என்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் என்னோடு வேலைக்கு வந்தாள். அங்கன்வாடிக் கட்டடம் ஏறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும், சும்மா ஏன் நிற்கிறாய் என்று அவள் கையில் கலவைச் சட்டியைக் கொடுத்தார். இந்தக் கழுதையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். என் தலைச்சுமையை அவர் காலடியில் இறக்கினேன்.

“ஏனுங்க மேஸ்திரி, நேத்து சால்வை போட்டது யாருக்குங்க? எம்புள்ளைக்கு ஒரு செவுரு குடுங்க. இல்லீன்னா இன்னிக்கு ஒரு சட்டி கலவ மேல போகாதுங்க.”

மற்றச் சித்தாள்களும் சும்மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கொத்தனார்கள் சாரத்தில் வெறும் கையோடு காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். குழைத்த கலவை இறுகத் தொடங்கியது. மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கக்கூஸின் பின்சுவரைக் காட்டினார். யார் கண்ணிலும் படாத சுவர். நான் வாயைத் திறப்பதற்குள் மேகலா சாரத்தில் ஏறி நூல் கட்டிவிட்டாள்.

கல் மேல் கல் ஏறியது. கலவை தீர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, கொஞ்சம் கலவ...” என்று கிசுகிசுத்தாள். அத்தனை நாட்டுக்காரர்கள் பார்க்கக் கட்டியவளுக்கு இங்கே குரல் எழும்பவில்லையாம். எனக்கு மறுபடியும் எரிச்சல் பொங்கியது.

“எந்தக் கொத்தனாரு கண்ணு இப்படிக் கேப்பாரு? சத்தமாக் கூப்புடு. மேஸ்திரி காதுல உழோணும்.”

முன்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, “கலவ கொண்டா” என்று கட்டடமே அதிரக் கத்தினாள். முன்பக்கத்துக் கொத்தனார்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சட்டியைத் தலையில் ஏற்றினேன்.

“வாரேனுங்க, கொத்தனாரே.”