ஆறரைக்குக் கப்பல் என்று எழுதியவன்

இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பதில் ஒரு சிக்கல்: நாம் எழுதியதை யாராவது நிஜமாகவே நம்பிவிடுகிறார்கள். பகலில் ஒரு வேலை, மிச்ச நேரத்தில் எழுத்து என்று அல்லாடும் சக அவதிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

என் வேலை எங்கள் தீவின் கப்பல் துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பல் ஏறுபவர்களின் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விடுவது. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் ஒரு தமிழ்ப் பயணத் தளம், தீவுகளைப் பற்றி எழுதினால் கட்டுரைக்கு இவ்வளவு என்று தருகிறது. மீன் செலவுக்கு ஆகும். சொந்தப் பெயர் போடுவதில்லை. அனுமதி வாங்காமல் எழுதுகிறேன் என்று ஜெட்டி அதிகாரி சாகிபுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம், சோற்றில் கை வைக்கும்போதுகூட இருக்கும்.

முதல் கட்டுரை

இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பேக்குக் கப்பலில் போவது எப்படி என்று எழுதி அனுப்பினேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் புகை அடிக்காது, வாந்தி வருபவர்கள் எதைச் சாப்பிடக் கூடாது, குடிதண்ணீர் எவ்வளவு வேண்டும், கப்பல் ஏணியில் எந்தக் கைப்பிடி ஆடும் என்று ஒன்று விடவில்லை. கடலின் அழகைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை என்னவென்று எழுதுவது? தினமும் பார்க்கிறேன்.

தளத்தை நடத்தும் தம்பி போன் செய்தார். என் வயதை நினைத்தோ என்னவோ, கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்: "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இது கட்டுரையா, லக்கேஜ் லிஸ்ட்டா?"

டீக்கடையில்

ஆனாலும் வெளியிட்டார்கள். அடுத்த வாரமே, என்னோடு கேட்டில் நிற்கும் குமரேசன் டீக்கடையில் அதைப் போனில் வைத்துச் சத்தமாகப் படித்தான். நான் கிளாஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நன்றாக எழுதியிருக்கிறான் என்று சொல்வான் என ஒரு அற்ப ஆசையும் இருந்தது.

படித்து முடித்து என் பக்கம் திரும்பினான். "அண்ணே, எழுதினவன் நம்ம ஜெட்டி ஆளுதான். ஏணியில இடது கைப்பிடி ஆடும்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்? சாகிப் கையில மாட்டினான், சட்னிதான்!"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்டுக்குக் கிளம்பினேன்.

ராமநாதபுரத்து அம்மா

எங்கள் தீவில் கப்பல் நேரத்தை யாரும் நம்பிக் கிளம்பமாட்டார்கள். ஜெட்டியில் தெரிந்தவனுக்குப் போன் போட்டு, "ஜஹாஜ் போகுதா?" என்று கேட்ட பிறகுதான் பெட்டியைத் தூக்குவார்கள். எனக்கே நாள் முழுக்க அப்படிப் போன் வரும். இது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால், வாந்தி வரை எழுதிய நான் இதை மட்டும் எழுதவில்லை. காலை ஆறரைக்குக் கப்பல் என்று எழுதி, புள்ளி வைத்துவிட்டேன்.

காற்று அதிகமாகிக் கப்பலை நிறுத்திய ஒரு காலையில், கணவரோடும் நான்கு பைகளோடும் ஓர் அம்மா கேட்டுக்கு வந்தார். ராமநாதபுரத்திலிருந்து வருகிறார்கள். ஹட் பேயில் நாத்தனார் பிள்ளைக்கு மறுநாள் காதுகுத்து. இவர் கணவர்தான் தாய்மாமன். குழந்தை உட்கார வேண்டிய மடியே அவருடையதுதான். "இன்னிக்குக் கப்பல் இல்லைம்மா" என்றேன். அந்த அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் கட்டுரை.

"சும்மா சொல்லாதீங்கண்ணே. கைப்பிடி ஆடுறதைக்கூட எழுதின மனுசன், கப்பல் நிக்கும்னா சொல்லாமலா இருப்பாரு?"

சாகிப் அறையில்

அவர் நேரே சாகிபிடம் போய்விட்டார். சாகிபுக்குத் தமிழ் வராது. தமிழ் தெரிந்தவன் என்று என்னையே கூப்பிட்டு, போனைக் கையில் கொடுத்து, "இதில் என்ன இருக்கிறது, ஹிந்தியில் சொல்" என்றார்.

சொன்னேன். சாகிபின் முகத்தைப் பார்க்கப் பயந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். புகை, வாந்தி, தண்ணீர், கைப்பிடி. பாதியில் அவர் கையைத் தூக்கினார். "அரே, நீ போனைப் பார்க்கவே இல்லையே?"

"நான் எழுதினதுதான் சார்" என்றேன். பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது; மறுபடி ஹிந்தியில் சொன்னேன். அந்த அம்மாவுக்கு ஹிந்தி புரியவில்லை. ஆனால் தமிழ் புரிந்துவிட்டது. என் கையிலிருந்த போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாகிப் ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். வேலை போயிற்று, பென்ஷன் போயிற்று, வீட்டில் என்ன சொல்வது என்று நான் யோசித்து முடிக்கும்வரை பார்த்தார். பிறகு ஹிந்தியில் சொன்னது இது: "முதலில் இவர்களை அடுத்த கப்பலில் ஏற்று. ஜெட்டிக்குப் போன் செய்யாமல் கிளம்பாதே என்று கட்டுரையின் முதல் வரியாகப் போடு. அப்புறம் அனுமதிக்கு மனு கொடு. அது வரும்வரை ஒரு பைசா வாங்கக் கூடாது."

மறுநாள் காற்று தணிந்து கப்பல் போனது. தாய்மாமன் வந்து சேரும்வரை காதுகுத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த அம்மா ஹட் பேயிலிருந்து போன் செய்தார்: "புள்ள ஒரே அழுகை. உங்களைத்தாண்ணே எல்லாரும் திட்டுனோம், கோவிச்சுக்காதீங்க."

மனு இன்னும் சாகிப் மேஜையில்தான் இருக்கிறது. முதல் வரியைப் படித்துவிட்டு மெயின்லேண்டிலிருந்து போன் போட்டு, கப்பல் போகுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, சம்பளமில்லாத என் இரண்டாவது முழுநேர வேலையாகிவிட்டது.