குழாய் இரண்டாம் முறை இறங்கியபோது

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பேருந்து ஓட்டுகிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு வருடமாக இருமல் இருந்தது. ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து தந்தார்கள், கேட்கவில்லை. ஸ்கேனில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் ஏதோ அடைப்பு தெரிந்தது. கட்டியாகவும் இருக்கலாம், குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

முதல் முறை வெளியூரில் பார்த்தோம். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை மட்டும் அடித்துவிட்டு மூக்கு வழியாகக் குழாயை இறக்கினார்கள். பென்சில் கனம்கூட இல்லை. ஆனால் குரல்வளையைத் தாண்டியதும் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்ததுபோல் இருந்தது. என் கை தானாகப் போய்க் குழாயை இழுத்துவிட்டது. அதன்பின் நான்கு மாதம் எந்த மருத்துவமனைக்கும் நான் போகவில்லை. கட்டியென்றால் கட்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

சளியில் ரத்தம் கண்ட அன்று மனைவி விடவில்லை. ராஜபாளையத்தில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். நான் உட்காருமுன்பே, "இவியளுக்குக் குழாய்னா பயம், டாக்டர். போன வாட்டி புடுங்கிப்புட்டாக" என்றாள்.

"பயப்படாம யாரு இருப்பா?" என்றார் மருத்துவர். "இந்த வாட்டி ஊசி போட்டுட்டுச் செய்வோம். முழு மயக்கம் இல்ல, அரைத்தூக்கம் மாதிரி. மூச்சு நீங்களே விடுவீங்க. கூப்பிட்டா கேக்கும்."

"கேக்கும்னா கஷ்டமும் தெரியுமே?"

"இருமல் கொஞ்சம் வரும். பொறவு பெருசா ஞாபகம் இருக்காது."

அந்தப் 'பெருசா' எனக்குப் பிடித்தது. சமாதானத்துக்குப் பொய் சொல்பவர் அதைச் சேர்த்திருக்க மாட்டார்.

மறுவாரம் வெறும் வயிற்றோடு போனேன். மூக்கில் ஆக்சிஜன், விரலில் கிளிப், கையில் ஊசி. "அண்ணே, எந்த ரூட்டு ஓட்டுதீய?" என்று நர்ஸ் கேட்டார். வத்திராயிருப்பு என்று சொல்லத் தொடங்கினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது வேறு அறை. மனைவி என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஆரம்பிப்பாக?" என்றேன்.

"முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு."

நர்ஸ் சிரித்தார். "நடுவுல கையைத் தூக்குனீய. கீழ விடுங்கண்ணேன்னு சொன்னேன். சரி தாயின்னு விட்டுட்டீய." வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் கேட்டுக்கொண்டேன்.

மருத்துவர் ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். உள்ளே, நுரையீரலிலிருந்து எடுத்த கறுத்துப்போன பாக்குத் துண்டு. கட்டி எதுவும் இல்லை. எப்போது உள்ளே போனது என்று கேட்டார். இருமல் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு செட்டியார்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு மென்றபடி சிரித்துப் புரையேறியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது, அத்தோடு மறந்துவிட்டேன். மனைவி அங்கேயே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, இன்னும் தூக்கக் கலக்கம்.

தொண்டை மரப்பு விடும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, மறுநாள்வரை வண்டியைத் தொடக் கூடாது என்றார்கள். இருமல் முழுதாக அடங்க ஒரு மாதம் ஆனது.

போன வாரம் உடன் ஓட்டுகிற டிரைவர் ஒருவருக்கு இதே சோதனை எழுதிக் கொடுத்திருந்தார்கள். "எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டார். முதல் முறை நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இரண்டாம் முறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.