இலுக்கும்புரவில் பகல் செய்தி: வேனுக்கு எந்த டிஷ் வாங்கலாம்?

போன ஜனவரி, தைப்பொங்கல் முடிந்த மறு வாரம், நானும் இவரும் எங்கள் வேனில் நான்கு நாள் மாத்தளை மாவட்டத்தைச் சுற்றினோம். மாத்தளைக்காரர்களுக்கு மாத்தளையைச் சுற்ற நான்கு நாளா என்று என் தங்கச்சி சிரித்தாள். சிரிக்கட்டும். நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை, டிவி பார்க்கப் போனோம்.

விஷயம் இதுதான். இவர் பஸ் டிப்போவில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு வருடம் இலங்கை முழுக்க வேனிலேயே வாழ வேண்டும் என்பது இவருடைய ஆசை. பழைய டொல்பின் வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, சின்ன பிரிட்ஜ், கூரையில் சோலார் என்று எட்டு மாதம் அதோடேயே கிடந்தார். நான் கணக்கு டீச்சராக இருந்தவள். எனக்கு மலையும் வேண்டும், மழையும் வேண்டும், இரவு எட்டரைக்கு என் நாடகமும் வேண்டும். டிவி இல்லாத வேனில் நான் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் ஒரு வெள்ளோட்டம்.

வேனில் டிவி பார்க்க மூன்று வழி இருக்கிறது. சாதாரண அன்டெனா வைத்தால் செலவே இல்லை, ஆனால் நடுவில் மலை நின்றால் படமும் நின்றுவிடும். போனில் டேட்டா போட்டுப் பார்ப்பது டவுனில் நன்றாக இருக்கும். மூன்றாவது டிஷ். அதிலும் இரண்டு வகை: நம் நாட்டு கம்பனியின் டிஷ், இந்திய டிஷ். நம்முடையதில் உள்ளூர் சேனல்கள் எல்லாம் வரும். இந்தியாவுடையதில் தமிழ் நாடகங்கள் அள்ளிக் கொட்டும். இவர் உள்ளூர் டிஷ் போதும் என்றார். நான் விடுவேனா? இந்திய டிஷ்தான் வாங்கினோம். டிஷ், பெட்டி, வயர், தரையில் நிறுத்த இவர் வெல்டிங் செய்த கால் எல்லாம் சேர்த்து இருபத்தையாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் நாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு ஏ9 வீதியில் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் போய் நாலந்தாவில் நிறுத்தினோம். குளத்தோரம் இருக்கும் கெடிகே கற்கோயிலை நூறு தடவை பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இறங்கியதில்லை. குளம் கட்டும்போது தண்ணீரில் மூழ்கிவிடும் என்று ஒவ்வொரு கல்லாகக் கழற்றி மேலே கொண்டுவந்து அதே மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இவ்வளவு கனத்தை இடம் மாற்றிய மனிதர்கள் இருக்கும் நாட்டில், ஒரு வீட்டை விட்டு வேனுக்கு மாற நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்று தோன்றியது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடித்துக்கொள்வார்.

அன்று மாலை படம் வரவில்லை. நிழலுக்காக ஒரு பெரிய மாமரத்தடியில் நிறுத்தியிருந்தோம். குளிர் நாடுகளில் டிஷ் பக்கவாட்டில் பார்த்தபடி நிற்கும். நம் நாடு பூமியின் இடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் சாட்டலைட் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்கிறதாம். டிஷ்ஷும் கிட்டத்தட்ட மல்லாந்து வானத்தைத்தான் பார்க்க வேண்டும். மரம் மேலே இருந்தால் கதை முடிந்தது. வேனைப் பத்து அடி தள்ளிப் போட்டதும் படம் வந்தது. உங்களுக்கு இது முதல் பாடம்: நிழலா, டிவியா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாம் நாள் திரும்பி மாத்தளை வந்து, எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையைத் திருடர்கள் மாதிரிக் கடந்து, இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறினோம். இரத்தோட்டை வரை பன்னிரண்டு கிலோமீட்டர் சுகமான வீதி. அதற்குப் பிறகு வளைவுக்கு மேல் வளைவு. மிளகுக் கொடியும் தேயிலையும் கீழே போய், பனி மேலே வந்தது. உச்சியில் காற்று வேனையே தோளைப் பிடித்து உலுக்கியது. அந்தப் பக்கம் இறங்கும்போது பனி ஒரு நிமிடம் விலகியது. மடிப்பு மடிப்பாக மலை, நடுவில் பச்சைக் கிண்ணம் போலப் பள்ளத்தாக்கு, அதன் அடியில் தெல்கமு ஓயா ஆற்றின் வெள்ளைக் கோடு. அறுபது வருடமாக இந்த மாவட்டத்தில் மூச்சு விடுகிறேன், இது என் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் வேனை ஓரம் கட்டினார்.

நாங்கள் தங்கியது அந்தப் பள்ளத்தாக்கில், லக்கல பகுதியைச் சேர்ந்த இலுக்கும்புரவில். சுமணபால என்பவரின் பலசரக்குக் கடை அங்கே இருக்கிறது. கடைக்குப் பக்கத்துக் காணியில் இரவுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து நிறுத்திக்கொண்டோம், தண்ணீரும் கழிப்பறையும் அதில் சேர்த்தி. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நாலு பக்கமும் மலை. இங்கே என்ன வரப் போகிறது என்று நினைத்தேன். இவர் டிஷ்ஷை நிறுத்தி, கோணம் பார்த்து, ஒரு விரல் அளவு திருப்பினார். பளிச்சென்று படம்! மலை எல்லாவற்றையும் மறைக்கிறது, வானத்தை மறைக்க முடியவில்லை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து என் நாடகம் இந்தக் குழிக்குள் நேராக இறங்கி வருகிறது. அன்று நாடகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை, டிஷ்ஷைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்திய டிஷ் வாங்கிய என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்த மெச்சல் எல்லாம் போயிற்று.

ஒன்பது மணிபோல பிட்டவல பத்தனைப் புல்வெளிக்கு நடந்து ஏறினோம். மேலே போனதும் போனுக்கு உயிர் வந்து, முந்தின நாள் செய்திகள் வரிசையாக விழுந்தன. எல்லாம் எங்கள் மகள் தர்ஷினியிடமிருந்து. அவள் கொழும்பில் ஒரு தமிழ்ச் சேனலில் வேலை செய்கிறாள். ஆறு வருடமாகச் செய்தி எழுதுகிறாள், வாசிப்பது வேறு ஆட்கள். மூன்று முறை குரல் தேர்வுக்குப் போனாள். குரலில் தோட்டம் தெரிகிறது, தேயிலைத் தோட்டத்துப் பேச்சு போகவில்லை என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். நான்காவது முறைதான் எடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை முதல் வாசிப்பு என்று இருந்தது. அதற்குள் நாங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம், வீட்டில் அன்டெனா இருக்கிறது என்பது என் கணக்கு.

“அம்மா, வாசிக்கிற அக்காவுக்குத் தொண்டை கட்டிடுச்சு. நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணி செய்தி நான்தான். லைவா பாருங்கம்மா. அப்புறம் யூடியூப்ல யார் வேணும்னாலும் பார்த்துக்கலாம், நான் வாசிக்கிற நேரம் நீங்க பார்க்கணும்.”

நாளைக்கு என்று அவள் சொன்னது இன்றைக்கு. அழைத்தேன், போன் அணைத்திருந்தது. இலுக்கும்புரவில் இருக்கிறோம், பார்க்கிறோம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். எங்கள் பெட்டியில் இருநூறு சேனல் வருகிறது, ஒன்றுகூட இலங்கைச் சேனல் இல்லை. போனில் நேரலையைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறதே தவிரப் படம் இல்லை. அதற்குள் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் வேனுக்கு இறங்கி வந்தபோது மணி பத்தரை, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம்.

இரத்தோட்டைக்குப் போய்விடலாம், யார் வீட்டிலாவது பார்க்கலாம் என்றேன். இந்த மழையில் அந்த வளைவுகளில் இவ்வளவு பாரத்தோடு ஏற முடியாது என்றார் இவர். நான் விடவில்லை. உங்கள் எட்டு மாத வேனுக்கு ஒரு மலை ஏறத் தெரியாதா என்று கேட்டேன். அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. கிளம்பலாம் என்று சாவியை எடுத்துவிட்டார்.

அப்போது கடை வாசலில் லொறியை நிறுத்தி மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் நிஸாம் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மாத்தளையில் வாசனைச் சரக்கு வியாபாரம், டீச்சர் என்று என்னைத் தெரியும், வாரம் ஒரு முறை இந்தப் பக்கம் வருவாராம். எங்கள் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்தில் வந்தார்.

“டீச்சர், இரத்தோட்டைக்குப் போயும் பிரயோசனம் இல்லைங்க. விடியக்காலையில மரம் விழுந்து அங்கயும் கரண்ட் இல்ல, இங்கயும் இல்ல. இந்தக் கடை டிஷ் நம்ம நாட்டு டிஷ்தானே? ஒங்க வேன்ல பேட்டரி இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாருங்களேன்.”

நான் அந்தக் கடைக் கூரையை நேற்றிலிருந்து பார்க்கிறேன், அதில் டிஷ் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. சுமணபாலவிடம் நிஸாம் நானா சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். மகள் டிவியில் வருகிறாள் என்றதும் அவர் கேள்வியே கேட்கவில்லை. கடை டிவியை மேசையோடு வாசலுக்கு இழுத்தார். இவர் வேனிலிருந்து நீள வயர் ஒன்றை இழுத்துக் கொடுத்தார். பேட்டரி பாதிக்கும் கீழே, காரணம் இரவு நான் பார்த்த நாடகம், காலையில் வெயிலும் இல்லை. இவர் பிரிட்ஜை அணைத்தார், விளக்கை அணைத்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் அணைந்துவிட்டேன்.

பதினொன்றேமுக்காலுக்கு டிவிக்கு வெளிச்சம் வந்தது. சேனலும் வந்தது. ஐந்து நிமிடத்தில் மழை அடித்து ஊற்ற, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. மலையை ஜெயிக்கும் டிஷ் கனமழையிடம் தோற்றுவிடும், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒதுங்கிய ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கடைக்குள் இருந்தார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லாரும் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டு ஆகிவிட்டது. ஆறு வருடம் அவள் காத்திருந்த நிமிடம், நான் ஒரு செத்த டிவிக்கு முன்னால் நிற்கிறேன்.

முதலில் குரல்தான் வந்தது. “...வாசிப்பவர் தர்ஷினி சிவலிங்கம்.” அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னாள். இவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மழை கொஞ்சம் தணிந்தது, கட்டங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி முகமானது. என் பிள்ளை. என் நீலச் சேலையில், நெற்றியில் சின்னப் பொட்டோடு, நாலாபக்கமும் மலை அடைத்த இந்தக் குழிக்குள் வானத்திலிருந்து நேராக இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை நான் எப்படி எழுதுவது? கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் கூம்புமே, அப்படி என் கை கூம்பிவிட்டது. குரலில் தோட்டம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது, அவ்வளவு அழகாக இருந்தது.

மூன்றாவது செய்தியில் அவள் நின்றாள். தாளைப் பார்த்தாள், நிமிர்ந்து நேராக எங்களைப் பார்த்தாள். “மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டை, லக்கல பகுதிகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. மலைச்சரிவுகளை ஒட்டிய வீதிகளில் பயணிப்பதைத் தவிர்க்குமாறும், சரிவுகளுக்குக் கீழே வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறும்...” மற்றச் செய்திகளைவிட மெதுவாக, ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் தனித்தனியாக வாசித்தாள்.

ஊர்ப் பெயர்கள் மட்டும் கடையிலிருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டன. என்ன சொல்கிறாள் என்று சுமணபால என்னைக் கேட்டார். காலையிலிருந்து கரண்ட் இல்லாத, போன் எடுக்காத அந்த ஊருக்கு எச்சரிக்கை வந்து சேர்ந்ததே அப்போதுதான். நான் டிவிக்குப் பக்கத்தில் நின்று, மகள் தமிழில் சொன்னதை வரி பிசகாமல் சிங்களத்தில் சொன்னேன். மேல் வீடுகளில் இருந்தவர்கள் உடனே கிளம்பினார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக. நிஸாம் நானா லொறியின் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று மெல்லச் சொல்லி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். செய்தி முடிந்த கையோடு பேட்டரியும் முடிந்தது.

அன்று பின்னேரம்தான் தெரிந்தது, ரிவர்ஸ்டனுக்குக் கீழே ஒரு வளைவில் மண்ணும் மரமுமாக வீதியில் இறங்கியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேல் வீடுகளில் ஒன்றின் பின்சுவர் விழுந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. நான் சாவியை எடுக்க வைத்த நேரத்தையும் அந்த வளைவையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று இவர் சொன்னார். கணக்கு டீச்சரிடம்.

இனி உங்களுக்கு என் யோசனை. வேனில் நாடு சுற்றுவதாக இருந்தால் உள்ளூர் டிஷ்ஷையே வாங்குங்கள். நாடகத்தைப் பிறகு போனில் பார்த்துக்கொள்ளலாம், நிற்கும் ஊரின் செய்தியைப் பிறகு பார்த்துப் பயனில்லை. டவுன்களுக்கு ஒரு மடக்கு அன்டெனாவும் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் பேட்டரியை இரவோடு காலி செய்யாதீர்கள். ரிவர்ஸ்டன் பக்கம் மார்கழி, தை மாதங்களில் போனால் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இந்தியப் பெட்டி மலிவு விலைக்கு இருக்கிறது, வேண்டியவர்கள் கீழே எழுதலாம்.

மறுநாள் பெக்கோ இயந்திரம் வந்து மண்ணை வாரிய பிறகு, மத்தியானம்போல உச்சிக்கு வந்தோம். போன் பேசியது. தர்ஷினிதான். நல்லா வாசிச்சேடி, பொட்டு கொஞ்சம் பெரிசா வச்சிருக்கலாம் என்று ஆரம்பித்தேன். அவள் அழுகிற சத்தம் கேட்டது.

“அம்மா, லக்கலன்னு தாள்ல பார்த்த ஒடனே நின்னுட்டேன், நீங்க அங்கதான இருந்தீங்க. நீங்க பார்த்துக்கிட்டு இருக்கணும், பார்த்துக்கிட்டு இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேதான் வாசிச்சேன். என்னயப் பார்க்கறதுக்கு இல்லம்மா.”