கீழே ஆள் நிற்காமல் ஏறாதவன்

அனல்மின் நிலையத்தில் பாய்லரை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில் சாரம் கட்டுகிற ஒப்பந்தக் கூலி நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஒரு வேலையை எப்படித் திட்டம் போடுவது என்று அங்கே காலைக் கூட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன். எது முடிந்தால் எதைத் தொடங்கலாம், எது கெட்டால் மாற்று என்ன, யார் பொறுப்பு. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு அது ஆறுதலாக இருந்தது. என் காதலுக்கும் அப்படியே திட்டம் போட்டேன்.

அவள் திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். முதலில் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். பிறகு அம்மாவிடம் பேச்சு. அம்மா சம்மதித்தால் அவள் அண்ணனிடம். அவளிடம் சொல்வது கடைசி வேலை. ஆனால் ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் வேலை போனது, திட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. என்னென்ன தப்பாகும் என்று யோசித்தே வயிறு எரிந்தது. மாத்திரைக்கு அவள் கடைக்கே போனேன்.

ஒரு நாள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தராமல் கேட்டாள்.

“உன் வயித்துல ஒண்ணியும் இல்ல. மன்சுல கீறத எப்ப சொல்லுவ?”

நான் கையிலிருந்த சில்லறையை மறுபடி எண்ணினேன்.

“ஞாய்த்துக்கெயம என்னப் பொண்ணு பாக்க வராங்கோ. அதுக்கு முந்தி வூட்டாண்ட வா. அண்ணன் கேட்டா நான் ஆமான்றேன். தனியா வா. ஆளு சேத்துக்கினு வந்தா சண்டைக்குன்னு நென்ச்சிக்கும்.”

அவளே சம்மதம் சொல்லிவிட்டாள். ஏறவேண்டியது மட்டும்தான் பாக்கி. ஆனால் கீழே ஒருவன் நின்று பார்த்துக்கொள்ளாமல் மேலே ஏறக் கூடாது என்பது எங்கள் வேலையின் சட்டம். எப்போதும் எனக்குக் கீழே நிற்கிற தோஸ்தைத் தெருமுனையிலாவது வந்து நிற்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தெருமுனையில் காத்திருந்தேன். தோஸ்துக்குப் போன் செய்தேன்.

“எங்கடா கீற?”

“கண்டெய்னர் லாரிங்கோ வரிசகட்டி நிக்குது மாமு. ஷேர் ஆட்டோ நகரவே இல்ல. நீ போ.”

“நீ வந்து நில்லு. அப்பால போறேன்.”

“பொண்ணே ஓகேன்னுட்ச்சு. இன்னும் இன்னாடா பேஜாரு உனக்கு?”

அவள் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். வா என்று தலையசைத்தாள். உள்ளே போனாள். மறுபடி வந்தாள். என் கால் நகரவில்லை. ஒரு கார் என்னைத் தாண்டிப் போய் அவள் வீட்டு முன் நின்றது. பூத்தட்டோடு பெண்கள் இறங்கினார்கள்.

தோஸ்து வேர்க்க வேர்க்க ஓடிவந்தான். “இன்னா சொன்னாங்கோ?” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். “அடப்பாவி, இப்பவாச்சும் போடா!” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

போனேன். அவள் பட்டுப்புடவையில், வந்தவர்களின் செருப்புகளை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரும்மா அது?” என்று அண்ணன் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

அவள் என் வாயையே பார்த்தபடி நின்றாள். பிறகு, “கடைக்கு வரவரு. மாத்திர வோணுமாம்,” என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.