முறைத்தண்ணீர் வந்த குழி

சிலமலைக்குப் பக்கத்து வயலில் அகழாய்வு. குழிச் சுவரில் ரோமானிய மதுச்சாடியின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. நான் முதன்முதலாகக் கண்டெடுக்கப்போகும் பொருள். எந்த மண்ணடுக்கில் கிடக்கிறது என்று மெல்லத் தோண்டிக் காட்டினால்தான் அது சான்று. பிடுங்கினால் வெறும் ஓடு. அதற்குள் அடுத்த வயலுக்கு முறைத்தண்ணீர் வந்து, வரப்பு கசிந்து குழிக்குள் இறங்கியது.

“அண்ணே, கொஞ்ச நேரம் மடையை அடைங்கண்ணே!” என்று கெஞ்சினேன்.

“இன்னிக்கு விட்டா அடுத்த வாரந்தான் என் முறை, மாப்ளே. ரோமாபுரிக்காரனா வந்து என் நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சுவான்?” என்றார் வயல்காரர். சொல்லிக்கொண்டே மண்வெட்டியால் கசிந்த வரப்புக்கு மண் அணைக்கவும் செய்தார்.

சட்டியால் வெறிபிடித்தவன் போல இறைத்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கைப்பிடி மூழ்கியதும் அதைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். சுவர் கரைந்து, அது என் கையோடு வந்துவிட்டது.